தட்டு எண் 88

முதல் படம் பதினொன்று பத்துக்கு.
இரண்டாவது பதினொன்று முப்பத்தைந்துக்கு.
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்
ஒரு பிள்ளை தின்றது வந்துவிட வேண்டும்.
இதை நம்பித்தான் ஹெல்சின்கியில் யாரோ
எங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

காயானியில் இது நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர்தான்,
நான் போனதில்லை, போகக் கூடாது.
முகம் பார்த்துவிட்டால் கண் தாராளமாகிவிடுமாம்.
எனக்கு வருவது தட்டுகள் மட்டும்:
நாற்பத்தைந்து பாகை சாய்வில், ஒரே விளக்கின் கீழ்,
மூலையில் எண் ஒட்டிய சாம்பல் நிறத் தட்டுகள்.
எப்போதாவது ஓரத்தில் ஒரு கட்டைவிரல்,
பனி உருகி நனைந்த ஒரு சட்டைக்கை.

மற்ற நாட்களில் பிள்ளைகளே பரிமாறிக்கொள்வார்கள்.
இந்த ஆறு வாரம் மட்டும் கரண்டி மேர்வியின் கையில்.
தினமும் ஒரு தட்டை அவள் நிறுத்து வைக்கிறாள்:
உருளைக்கிழங்கு நூற்றெண்பது கிராம், மீன் துண்டு நான்கு,
துருவிய பீட்ரூட் நாற்பது.
மற்ற தட்டுகளுக்கு அதுதான் படிக்கல்.
அதைப் பிறகு யார் சாப்பிடுகிறார்கள் என்று
தொலைபேசியில் கேட்டேன்.
"நான்தான். ஆறிப்போன பிறகு" என்றாள்.
அவள் மிச்சம் வைப்பதை யாரும் படமெடுப்பதில்லை.

எதிர் மேசையில் இல்போ.
நான் பார்ப்பதையே அவனும் பார்க்க வேண்டும்,
என் விடையைப் பார்க்காமல்.
நான் முப்பது சதவீதம் என்றால் அவன் நாற்பது என்பான்.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
ஒரு பட்டாணிக்காகச் சண்டை போடுவோம்.
கசங்கிய காகிதத் துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
ஒரு மதியம் முழுக்க வாதாடினோம்.
மேடாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மூன்றாம் வாரம், புதன்கிழமை, 88.
முன்: பீட்ரூட் நாற்பது கிராம்.
பின்: எண்பதுக்குக் குறையாத ஊதாக் குவியல்.
உண்டது, மைனஸ் நூறு சதவீதம்.
கட்டம் சிவந்து எண்ணைத் துப்பிவிட்டது.
பூஜ்யத்துக்குக் கீழே யாரும் சாப்பிட முடியாதாம்.
வெளியே வெப்பமானியில் மைனஸ் பதினான்கு.
அதை யாரும் மறுக்கவில்லை.

அடுத்த படம் 89. துடைத்து வைத்தது போல் இருந்தது.
பீட்ரூட் நூறு சதவீதம், நல்ல பிள்ளை.
பழைய புதன்களைத் தோண்டினேன்.
வரிசையில் எப்போதும் முன்னும் பின்னுமாக அந்த இரண்டு பேர்,
படம் பிடித்த நேரத்தில் நான்கு நொடிதான் இடைவெளி.
89க்குப் பீட்ரூட் ஆகாது.
88 அதைத் தின்பதும் இல்லை,
தன் பெயரில் சுமந்துபோய்க் கொட்டுகிறது.
பதிலுக்கு என்ன கிடைக்கிறது?
ஒரு மீன் துண்டா, ஒரு ரகசியமா,
பேருந்தில் ஜன்னலோர இடமா?
அதற்கு எங்களிடம் பத்தி இல்லை.

"பிழை. இரண்டையும் நீக்கு" என்றான் இல்போ.
விதிப்புத்தகமும் அதையே சொன்னது, பக்கம் பதினேழில்.
நீக்கினேன்.
அன்று காயானியில் இரண்டு பேர் சாப்பிடவில்லை.

ஐந்தாம் வாரம் 89 வரவில்லை.
காய்ச்சலோ, ஊர் மாறிப் போனதோ,
வெற்றுக் கட்டம் காரணம் சொல்லாது.
88 மட்டும் வந்தது, தனியாக.
பின்படத்தில் உருளைக்கிழங்கு அப்படியே.
மீன் நான்கும் கைபடாமல்.
பால் குவளையில் ஆடை படிந்திருந்தது.
பீட்ரூட் மட்டும் இல்லை.

காகிதத் துண்டைத் தேடினேன். தட்டையாகக் கிடந்தது.
பக்கத்துத் தட்டுகள் எல்லாம் திறந்து பார்த்தேன்,
எதிலும் ஒரு துருவல் கூடுதலாக இல்லை.
நூறு என்று எழுதினேன்.
இல்போவும் நூறு என்றான்,
அந்த ஆறு வாரத்தில் முதல் முறை
சண்டை இல்லாமல்.

படத்தை மூடப்போனேன்.
தட்டின் இடது ஓரத்தில்,
அளக்க வேண்டிய எல்லைக்கு வெளியே,
ஒரு கட்டைவிரல்,
நகக்கண் வரைக்கும் ஊதா.